அத்தையின் இடது பாதி நாக்கு

மாமியாரின் நாக்கை மரத்துப்போக வைத்த மருமகள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இதைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் இதுவரை யாருமில்லை. என் க்ளினிக்குக்குப் பஞ்சும் கையுறையும் கொண்டுவந்து கொடுக்கிற சப்ளையர், "எத்தனையோ பேர் வேண்டிக்கிறாங்க டாக்டர், உங்களுக்கு மட்டும் பலிச்சிருக்கு" என்றார். நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு மிச்சத்தைச் சொல்வேன். அத்தைக்குப் பிழைப்பே அந்த நாக்குதான் என்று. அதோடு சிரிப்பு நின்றுவிடும்.

அத்தை தேயிலைக் கம்பெனியில் ருசி பார்ப்பவர். முப்பத்தொரு வருஷ சர்வீஸ். ஜன்னலோரமாக ஒரு நீள மேசை, அதன் மேல் ஒரே மாதிரி வெள்ளைக் கோப்பைகள் அறுபது. கரண்டியில் அள்ளி, காற்றும் சேர்ந்து உள்ளே போகிற மாதிரி சத்தமாக உறிஞ்சி, நாக்கில் ஒரு சுற்றுச் சுற்றி, கூடவே உருண்டு வருகிற சக்கரத் தொட்டியில் துப்பிவிட்டு, அடுத்த கோப்பை. கோப்பைக்கு மூன்று விநாடி. அதற்குள் இலை எந்த மாதம் பறித்தது, காயவைத்தபோது சூடு கூடிப்போனதா, மூட்டை ஈரத்தில் கிடந்ததா எல்லாம் அவருக்குத் தெரிந்துவிடும். கல்யாணமாகி வந்த புதிதில் நான் போட்ட டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "தண்ணி ரெண்டு தடவ கொதிச்சிருக்கு" என்றார். உண்மைதான். போன் பேசப் போய்விட்டு வந்து மறுபடி அடுப்பைப் பற்றவைத்திருந்தேன். அன்றிலிருந்து எனக்கு அவரிடம் பயம். பயத்தைவிட மரியாதை அதிகம்.

அவருக்கு இடது கீழ்த் தாடையில் ஒரு ஞானப்பல், முளைக்க மனமில்லாமல் படுத்துக் கிடந்தது. வருஷத்துக்கு மூன்று தடவை வீங்கும். படிக்கிற காலத்தில் எங்கள் பெரிய டாக்டர், "சொந்தக்காரங்களுக்கு மாத்திரை குடு, கத்தி வைக்காதே" என்று சொல்லுவார். அத்தையிடம் அதைச் சொல்லிப் பார்த்தேன். "ஊரான் கை என் வாய்க்குள்ள வரக் கூடாது. நீ எடுக்கறதுன்னா எடு. இல்லன்னா அது அங்கயே கெடக்கட்டும்" என்றார். எனக்கு உள்ளுக்குள் பெருமை. அந்தப் பெருமையில்தான் வந்தது வினை.

நாற்பது நிமிஷம் பிடித்தது. வேர் வளைந்திருந்தது. பல்லை இரண்டாக வெட்டி, நெம்பி, துண்டு துண்டாக எடுத்தேன். அந்தப் பல்லுக்கு உள்பக்கம், ஈறுக்கு அடியில், நனைந்த நூல் மாதிரி ஒரு நரம்பு ஓடுகிறது. நாக்கின் அந்தப் பாதிக்கு உணர்ச்சியும் ருசியும் அதன் வழியாகத்தான். அந்த நாற்பது நிமிஷத்தில் எந்த விநாடியில் அதை நசுக்கினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மறுநாள் அத்தை, "ஊசி போட்ட மரப்பு இன்னும் போகல" என்றார். நான்காம் நாளும் அதையே சொன்னார். பத்தாம் நாள் காலையில் டீயை வாயில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். விழுங்கிவிட்டு, "இந்தப் பக்கம் டீயே இல்ல" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பெரிய டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் வயதானாலும் கை நடுங்காதவர். நாக்கைத் தட்டி, குத்தி, பனிக்கட்டி வைத்துப் பார்த்தார். நரம்பு அறுந்த மாதிரி தெரியவில்லை, நசுங்கியிருக்கிறது, தானாக வரலாம், வராமலும் போகலாம் என்றார். "லேசர் லைட் வச்சுப் பாரு. சில பேருக்கு உதவுது. லைட்டால வந்துச்சா, காலத்தால வந்துச்சான்னு என்னைக் கேக்காதே. கெடுதல் இல்ல. ஆனா சீக்கிரம் ஆரம்பி, விடாம பண்ணு. மாசம் போகப் போக வாய்ப்பு கம்மி" என்றார். நான் தலையாட்டினேன். வாசலுக்கு வந்ததும் சப்ளையரை போனில் கூப்பிட்டு லேசர் மெஷின் கேட்டேன்.

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். எதையும் கழற்றி மாட்டினால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர். அன்றைக்குச் சாப்பிடும்போது அம்மாவிடம், "நரம்பில்லாத நாக்கு நாலும் பேசும்னு சொல்லுவாங்களேம்மா, உனக்கு இப்ப அரை நரம்பு. ரெண்டுதான் பேசணும்" என்றார். அத்தை, "அந்த ரெண்டும் உன்னைத் திட்டறதுக்குப் பத்தும்" என்றார். இருவரும் சிரித்தார்கள். அத்தை வலப்பக்கமாகவே மென்று கொண்டிருந்தார். நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாரத்தில் மூன்று நாள், மதியம் இரண்டு மணிக்கு, க்ளினிக் காலியாக இருக்கிற நேரத்தில் அத்தை வருவார். கம்பெனியில் பல் வைத்தியம் என்று மட்டும் சொல்லி வைத்திருந்தார். நான் ஜன்னல் திரையை இறக்கிவிடுவேன். லேசர் கண்ணில் படாமல் இருக்க இருவரும் பச்சைக் கண்ணாடி மாட்டிக்கொள்வோம். கண்ணாடிக்குள் அந்த அறை வேறு மாதிரி ஆகிவிடும். நாற்காலி, பேசின், சுவரில் மாட்டிய பெரிய பல் படம், எல்லாம் குளத்துக்கு அடியில் கிடப்பது போல் இருக்கும். வெளியே வண்டிகள் போகிற சத்தம் எங்கோ மேலே, தண்ணீருக்கு மேலே கேட்கும்.

லேசர் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒயரில் தொங்குகிற தடித்த பேனா, அவ்வளவுதான். உண்மையான வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது. இடம் காட்டுவதற்காகக் கூடவே ஒரு சிவப்பு வெளிச்சம் வரும். சூடு இல்லை, வலி இல்லை. ஓர் இடத்தில் ஒரு நிமிஷம் வைத்தால் 'பிப்' என்று ஒரு சத்தம். அடுத்த இடம். பல் எடுத்த குழியின் உள்பக்கம் நான்கு இடம், நாக்கின் ஓரமாக ஏழு, நுனியில் ஒன்று. வாய்க்குள் வைக்கும்போது அத்தையின் கன்னம் உள்ளிருந்து சிவக்கும். டார்ச்சை உள்ளங்கையால் மூடினால் விரலிடுக்கில் தெரியுமே, அந்தச் சிவப்பு. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் எனக்குத் தூக்கம் வருகிற மாதிரி இருக்கும். ஆனால் தூக்கம் இல்லை. என் வீட்டு மனுஷியின் முகத்துக்குள் யாரோ விளக்குப் பிடித்துக்கொண்டு எதையோ தேடுகிறார்கள், அந்த யாரோ நான்தான் என்பது போல ஒரு மயக்கம்.

நாக்கை வெளியே இழுத்து, காஸ் துணியால் பிடித்துக்கொண்டுதான் வெளிச்சம் வைக்க வேண்டும். அதனால் பன்னிரண்டு நிமிஷம் அத்தையால் பேச முடியாது. எங்கள் வீட்டுச் சரித்திரத்தில் அப்படியொரு பன்னிரண்டு நிமிஷம் அதற்குமுன் இருந்ததில்லை. அதனால் நான் பேசினேன். முதலில் வானிலை. பிறகு வீட்டுக் குழாய் ஒழுகுவது. பிறகு என்னை அறியாமல் மற்றதெல்லாம் வர ஆரம்பித்தது. சின்ன வயதில் நான் எதற்கெல்லாம் பயந்தேன், கல்யாணத்துக்கு முந்தின நாள் ஓடிப்போய்விடலாமா என்று நினைத்தது, எல்லாம். கண்ணாடிக்குப் பின்னால் அத்தையின் கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்றுகூடத் தெரியாது. ஒருநாள் சொன்னேன்:

"அத்த, நான் இப்ப பல்லே எடுக்கறதில்ல. எடுக்கணும்னு வர்றவங்களை நாலு தெரு தள்ளி இருக்கற டாக்டர்கிட்ட அனுப்பிடறேன். கொறடைக் கையில எடுத்தா நடுங்குது. அடைக்கறதும் சுத்தம் பண்றதும்தான் பண்றேன். எத்தனை நாளைக்கு இப்படின்னு தெரியல."

'பிப்' என்றது. பேனாவை அடுத்த இடத்துக்கு நகர்த்தினேன். அத்தை ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை.

முடிந்த பிறகு செருப்பை மாட்டிக்கொண்டே கனவைச் சொல்லுவார். நாற்காலியில் அவருக்குக் கனவு வரும். "கோப்பை வரிசை. கண்ணுக்கு எட்டின வரைக்கும் கோப்பை. ஒண்ணு விட்டு ஒண்ணுல டீ. மத்ததுல வெளிச்சத்த ஊத்தி வச்சிருக்காங்க. நான் அதையும் உறிஞ்சறேன், துப்பறேன். மேசைக்குப் பின்னால ஒருத்தர் உக்காந்து இதுக்கு மார்க் சொல்லுங்கன்னு கேக்கறாரு." "சொன்னீங்களா?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்லாததுக்கு என்ன மார்க் போடறது" என்று சொல்லிவிட்டுக் கம்பெனிக்குப் போய்விட்டார்.

திங்கட்கிழமைகளில் வெளிச்சத்துக்கு முன்னால் சோதனை. கண்ணை மூடி, நாக்கை நீட்டியபடி இருக்க வேண்டும். பஞ்சுத் திரியால் நான் தொடுவேன். தெரிந்தால் ஆள்காட்டி விரலைத் தூக்க வேண்டும். அதன் பிறகு ருசி: இனிப்பு, உப்பு, புளிப்பு, கசப்பு என்று நான்கு கட்டம் போட்ட அட்டை ஒன்று மடியில் இருக்கும். சொட்டு விட்டதும் கண்ணைத் திறந்து எது என்று தொட்டுக் காட்ட வேண்டும். முதல் மூன்று வாரம் இடப்பக்கத்துக்கு விரல் அசையவே இல்லை. அட்டையில் கை எங்கும் போகவில்லை. என் தாளில் நாக்குப் படத்தின் இடது பாதி முழுக்கப் பென்சிலால் கறுப்படித்து வைத்திருந்தேன்.

நான்காம் வாரம் திங்கட்கிழமை விரல் தூக்கினார்.

ஒரு தடவை இல்லை, பத்துக்கு நான்கு. அடுத்த வாரம் பத்துக்கு ஆறு. உப்பைத் தொட்டுக் காட்டினார். அதற்கடுத்த வாரம் கசப்பையும். நான் ரப்பரை எடுத்துக் கறுப்பை ஓரத்திலிருந்து அழித்துக்கொண்டே வந்தேன். வாரம் மூன்று நாளை இரண்டாக்கினேன், பிறகு ஒன்றாக்கினேன். தேறிவருகிறவரைக் கம்பெனி வேலையைக் கெடுத்து எதற்கு அலைக்கழிக்க வேண்டும் என்று நினைப்பு. ஒருநாள் நாக்கின் இடது ஓரத்தில் வெள்ளையாக ஒரு கடித்த தழும்பு பார்த்தேன். "சாப்பிடறப்ப கடிச்சிட்டேன். உயிர் போச்சு" என்றார். வலி தெரிகிறதே என்று நம்பினேன். நம்ப ஆசைப்படுகிறவளுக்கு ஆதாரம் எதற்கு. அந்த வாரமே ஒரு கிழவருக்கு ஆடிக்கொண்டிருந்த கடைவாய்ப்பல்லை எடுத்தேன். கை நடுங்கவில்லை. தெருவில் நடக்கும்போது கால் தரையில் படாத மாதிரி இருந்தது.

ஒன்பதாவது வாரம். அன்றைக்குத் திரையை இறக்கியும் வெயில் ஓரமாகக் கசிந்து, அறை முழுக்க மஞ்சளும் பச்சையுமாக இருந்தது. அத்தை கண்ணை மூடி நாக்கை நீட்டியிருந்தார். தொட்டேன், விரல். தொட்டேன், விரல். எனக்குத் தும்மல் வந்தது. சட்டென்று கையை இழுத்து, முகத்தைத் திருப்பி, மூச்சைப் பிடித்து அதை அடக்கினேன். தும்மல் உள்ளேயே அடங்கிவிட்டது. திரும்பிப் பார்த்தால் அத்தையின் விரல் தூக்கியிருந்தது.

பஞ்சுத் திரி என் கையில், அவர் வாயிலிருந்து ஒரு முழம் தள்ளி இருந்தது.

விரல் இறங்கியது. நான் மூச்சு விடாமல் நின்றேன். ஒன்று, இரண்டு, மூன்று. விரல் எழுந்தது. மறுபடி இறங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று. எழுந்தது. நான் காற்றில்கூடத் தொடவில்லை. சும்மா நின்றுகொண்டிருந்தேன். அந்தப் பச்சை வெளிச்சத்தில் ஒரு விரல் மட்டும் ஒழுங்காக, நிதானமாக, ஒரு கோப்பை முடிந்து அடுத்த கோப்பைக்குப் போகிற மாதிரி எழுந்து எழுந்து தாழ்ந்தது. பத்து தடவை எண்ணினேன். சில சமயம் விரலைத் தூக்காமல் விட்டும்வைத்தார், எல்லாவற்றுக்கும் தூக்கினால் சந்தேகம் வரும் என்று. எத்தனை நேர்த்தியான பொய். இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்த விரல் தெரிகிறது.

பஞ்சுத் திரியைத் தட்டில் போட்டேன். பேசினுக்குப் போய்க் கை கழுவினேன். கழுவிய கையையே மறுபடி கழுவினேன்.

"எத்தனை நாளா அத்த?" என்று குழாயைப் பார்த்தபடி கேட்டேன்.

நாற்காலி கிரீச்சிட்டது. அத்தை எழுந்து உட்கார்ந்திருக்க வேண்டும். "என்ன எத்தனை நாளா?"

"நான் தொடவே இல்ல. விரலைத் தூக்கறீங்க."

"நாலாவது வாரத்துலேர்ந்து" என்றார். கூடவே, மன்னிப்புக் கேட்கிற குரலில் இல்லாமல், குறை சொல்கிற குரலில், "நீ சரியா மூணு விநாடிக்கு ஒரு தடவ தொடற. மூணு விநாடி எனக்கு மனப்பாடம். சொட்டும் அப்படித்தான். எப்பவும் கசப்பு கடைசி. புளிப்பு மூக்குக்கே தெரியும். இப்படி வரிசையா வச்சா எங்க கம்பெனில உன்னை மேசைகிட்டயே சேக்க மாட்டாங்க" என்றார்.

"அத்த, வெளையாடறீங்களா? தேறிட்டீங்கன்னு நெனச்சு வாரம் ஒரு தடவையா கொறச்சிட்டேன். விடாம பண்ணணும்னு பெரிய டாக்டர் படிச்சுப் படிச்சு சொன்னாரு. மாசம் போயிடுச்சு. போன மாசத்தை நான் எங்க போய்த் தேடறது?" என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. மாமியாரிடம் அதுவரை நான் அப்படிப் பேசியதில்லை. "எதுக்காக இப்படிப் பண்ணீங்க?"

அத்தை பச்சைக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். "நீதானே சொன்ன, கை நடுங்குதுன்னு. நாக்கைப் புடிச்சுக்கிட்டு சொன்ன. நான் என்ன பதில் சொல்ல முடியும்? விரல்தான் இருந்துச்சு. அதைத் தூக்கினேன். அடுத்த வாரம் வீட்டுக்கு வரும்போது பாட்டு முணுமுணுத்துக்கிட்டே வந்த. பல்லு எடுக்க ஆரம்பிச்ச. ஒரு வெரலத் தூக்கறதுல ஒரு ஆளு குணமாவான்னா யாரு தூக்க மாட்டாங்க?"

"நான் நோயாளி இல்ல அத்த. நீங்கதான் நோயாளி."

"அது உனக்கு அப்படி" என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவர் மேல் கோபம், என் மேல் அதைவிடக் கோபம், எல்லாவற்றுக்கும் மேலாக அந்தத் தாளின் மேல் கோபம். ஐந்து வாரமாக ரப்பரால் அழித்து வெள்ளையாக்கிய தாள். அதைச் சுக்குநூறாகக் கிழித்துக் குப்பையில் போட்டேன். அத்தை செருப்பை மாட்டிக்கொண்டு, கனவு எதுவும் சொல்லாமல் போனார்.

நான்கு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. வீட்டில் பாத்திரச் சத்தம் மட்டும் கேட்டது. என் கணவரின் பாடு மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. "லிஃப்ட் எந்த மாடியில நிக்குதுன்னாவது சொல்லுங்க, அங்கயாவது வந்து கதவைத் தெறக்கறேன்" என்றார். அந்த நாட்களில் எனக்கு ஒரே கனவு. நான் ஒரு வாய்க்குள் நடந்து போகிறேன். வலப்பக்கம் தெரு விளக்கு எரிகிறது, இடப்பக்கம் இருட்டு. இருட்டுக்குள்ளிருந்து யாரும் கூப்பிடவில்லை. நான் மட்டும் போய் ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டுகிறேன்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் அத்தை சீக்கிரம் வந்தார். கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் சமையலறை வாசலில் நின்றார்.

"கம்பெனில சொல்லிட்டேன்" என்றார்.

"என்னன்னு?"

"நாக்கு பாதிதான் வேலை செய்யுது, மூணு மாசமா வலப்பக்கத்துலயே தள்ளித் தள்ளி ஒப்பேத்தறேன்னு. எங்க தலைவருக்கு என்னைவிட இருபது வயசு கம்மி. பாவம், அவருக்குத்தான் வேர்த்துப்போச்சு. நீங்க சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காதும்மான்னாரு. அதுதான் தப்புன்னேன். என் மார்க்கை நம்பி மூட்டை மூட்டையா வாங்கறாங்க." பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னார். "மேசைலேர்ந்து எடுத்துட்டாங்க. சாம்பிள் பொட்டலம் கட்டற ரூம்ல போட்டிருக்காங்க. மூணு மாசம் கழிச்சு ஒரு பரீட்சை. கண்ணைக் கட்டி இருபது கோப்பை. தேறலன்னா ரிட்டயர் ஆகற வரைக்கும் பொட்டலம்தான்."

முப்பத்தொரு வருஷம் அந்த மேசைக்கு நடந்தவர். போய்க் கட்டிக்கொண்டேன். எங்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை. அதனால் பை நடுவில் மாட்டிக்கொண்டு இடித்தது.

"நாளைலேர்ந்து ஆரம்பிப்போம். வாரம் மூணு நாள்" என்றேன்.

"சரி. இனிமே பொய் விரல் தூக்க மாட்டேன். ஆனா நீ ரெண்டு பண்ணணும். நான் விரல் தூக்கலன்னா எழவு வீட்டுக்கு வந்த மாதிரி மூஞ்சிய வச்சுக்கக் கூடாது. அப்புறம், பல்லு எடுக்கறத நிறுத்தக் கூடாது."

இரண்டாவதுதான் கஷ்டமாக இருந்தது. மறுநாள் காலை ஒரு பஸ் டிரைவர் வந்தார், பிளந்துபோன பல்லோடு. கை மறுபடி நடுங்கியது. நடுங்கிய கையோடுதான் எடுத்தேன். பல் வந்தது. அவர் பஞ்சைக் கடித்துக்கொண்டு கும்பிட்டுவிட்டுப் போனார். நடுங்குகிற கையும் வேலை செய்யும் என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

சோதனை முறையை மாற்றினேன். விளையாட்டுப் பெட்டி ஒன்றிலிருந்து ஒரு பகடையை எடுத்து வந்து, கருவித் தட்டில் துணி விரித்து அதன் மேல் சத்தமில்லாமல் உருட்டுவேன். இரண்டு விழுந்தால் இரண்டு விநாடி கழித்துத் தொடுவேன். ஐந்து விழுந்தால் ஐந்து. ஆறு விழுந்தால் தொடவே மாட்டேன், சும்மா இருப்பேன். ருசிச் சொட்டுக்குச் சீட்டுக் குலுக்கினேன். அத்தைக்கு அது பிடித்திருந்தது. "இப்பத்தான் முறையா வேலை பாக்கற" என்றார்.

விரல் எழவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், நான்கு வாரம். புதுத் தாளில் இடது பாதி கறுப்பாகவே இருந்தது. நான் மூஞ்சியை வைத்துக்கொள்ளவில்லை. கஷ்டப்பட்டுப் பழகினேன். ஆச்சரியம் என்னவென்றால், அந்த எழாத விரல் எனக்கு ஒருவித நிம்மதியைத் தந்தது. பச்சைத் தண்ணீருக்கு அடியில் இருவரும் உண்மையோடு சும்மா கிடந்தோம். கன்னம் சிவந்தது, 'பிப்' என்றது, அணைந்தது, அடுத்த இடத்தில் சிவந்தது. நான் முன்போலப் பேசிக்கொண்டிருந்தேன். சில நாள் பேசாமலும் இருந்தேன். அத்தை கனவில் கோப்பைகள் எல்லாம் இப்போது கவிழ்த்துக் கழுவி வைத்திருப்பதாகச் சொன்னார். யாரும் மார்க் கேட்கவில்லையாம். பொட்டலம் கட்டுகிற அறையில் அவர் பக்கத்தில் உட்காருகிறவர் நாள் முழுக்கப் பேசுகிறாராம், காது புளித்துவிட்டதாம். சிரித்துக்கொண்டே சொல்லுவார். காலையில் டீயை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் அவர் நிற்கும்போது நான் சமையலறைக்குள் போக மாட்டேன்.

மறுபடி ஆரம்பித்து எட்டாவது வாரம், வியாழக்கிழமை. திங்கட்கிழமை எனக்குக் காய்ச்சல் என்பதால் சோதனையை அன்றைக்குத் தள்ளியிருந்தேன். வெளியே மழை பெய்து கொண்டிருந்தது. தூறல் ஜன்னலில் விழுகிற சத்தத்தில் எனக்குக் கண் சொருகியது. பஞ்சால் தொட்டதெல்லாம் முடிந்தது. வழக்கம்போல ஒன்றுமில்லை. கடைசியாக மழுங்கின ஊசியால் லேசாகக் குத்திப் பார்க்க வேண்டும். பகடை மூன்று காட்டியது. நாக்கின் இடது ஓரத்தில், நடுவுக்குக் கொஞ்சம் முன்னால் குத்தினேன்.

அத்தை என் கையைத் தட்டிவிட்டார்.

ஊசி தரையில் விழுந்து உருண்டது. அவர் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி என்னை முறைத்தார். "வலிக்குது" என்றார்.

நான் சந்தோஷப்படவில்லை. எனக்கு முதலில் வந்தது பயம். "அத்த, வேண்டாம்" என்றேன்.

"என்ன வேண்டாம்?"

"எனக்காக சொல்லாதீங்க. நான் நல்லாத்தான் இருக்கேன். நேத்துகூட ரெண்டு பல்லு எடுத்தேன். எனக்காக எதுவும் வேண்டாம்."

"உனக்காகவா? ஊசிய வச்சு சொருகிட்டு உனக்காகன்னா சொல்லுவாங்க? வலிக்குதுடி. எறும்பு கடிச்ச மாதிரி சுரீர்னு இருக்கு. இன்னும் இருக்கு." கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். கண்ணின் ஓரத்தில் தண்ணீர் நின்றது. அதை வேண்டுமென்று வரவழைக்க முடியாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நம்ப முடியவில்லை. ஒரு தடவை சூடு பட்டவள்.

வேறு ஊசி எடுத்தேன். மறுபடி கண்ணாடியை இறக்கி நாக்கை நீட்டச் சொன்னேன். பகடையை உருட்டாமலேயே ஆறு விழுந்ததாக வைத்துக்கொண்டு சும்மா நின்றேன். மழை பெய்தது. அரை நிமிஷம் ஆனது. விரல் அசையவில்லை. அந்த இடத்துக்கு ஒரு நூல் பின்னால் குத்தினேன், அசையவில்லை. ஒரு நூல் முன்னால் குத்தினேன், அசையவில்லை. பிறகு அதே இடம். அத்தையின் தோள் தூக்கிப் போட்டது. விரல் எழவில்லை. அதற்கு நேரமில்லாமல் கை முழுவதும் எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

தாளை எடுத்து அந்த இடத்தில் ரப்பரால் அழித்தேன். ஓர் அரிசி அளவு. பரீட்சைக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. அரிசி அளவு நாக்கு இருபது கோப்பைக்குப் போதாது என்று அத்தைக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அது வளருமா, அதோடு நிற்குமா, வெளிச்சத்தால் வந்ததா, தானாக வந்ததா, எதுவும் தெரியாது. பதினெட்டு வருஷமாக என் தொழிலே மனிதர்களை 'வலிக்குது' என்கிற அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவிடாமல் பார்த்துக்கொள்வதுதான். அதைச் சொல்லிவிடக் கூடாதே என்று ஊசி போட்டு, மருந்து தடவி, கெஞ்சி, கொஞ்சி எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். இப்போது அது வேண்டும் என்று இருந்தது. இன்னும் ஒருமுறை, இன்னும் பலமுறை கேட்க வேண்டும் என்று இருந்தது. பச்சைக் கண்ணாடிக்குள் எனக்குக் கண்ணீர் கட்டி, அறை முழுக்கக் கலங்கிப்போனது. நான் துடைக்கவில்லை.

"அழறியா?" என்று அத்தை கேட்டார்.

"ஆமா."

"பரீட்சைல தேறிட்டா அழலாம், இதுக்கேவா?"

"இதுக்கேதான்."

அவர் என் மணிக்கட்டை இன்னும் விடவில்லை. பிறகு கையை விட்டுவிட்டு, நாற்காலியில் சாய்ந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"இன்னொரு தடவ குத்து" என்று சொல்லி நாக்கை நீட்டினார்.

குத்தினேன். வலிக்குது என்றார்.